பழைய சர்ஃபுக்கு எந்த டோர் பேட்? மழை ஊருக்கான ஓர் ஒப்பீடு

ரங்கூனில் ஓடும் பழைய ஹைலக்ஸ் சர்ஃப், பஜேரோ போன்ற ஜப்பான் ஜீப் எதையாவது பார்த்தால், கதவைத் திறந்து உட்பலகையின், அதாவது டோர் பேடின், கீழ் ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள். பலகை உப்பியிருக்கும், ரெக்சின் பிரிந்து தொங்கும். விரலால் அழுத்தினால் ஊறிய ரஸ்க் மாதிரி உதிரும். எஞ்சின், கியர், நாலு சக்கர இழுவை எல்லாம் இன்னும் பல வருடம் ஓடும் நிலையில் இருக்க, இந்தப் பலகை மட்டும் மழைக்கு மழை கரைந்துகொண்டே வரும்.

என்னுடையது 1993 மாடல் சர்ஃப். நான்கு கதவுக்கும் டோர் பேட் மாற்ற வேண்டிய நிலை வந்தபோது, கேட்டவர்கள் எல்லாரும் ஆளுக்கொன்று சொன்னார்கள். "ஜப்பான் பழைய சாமான் வந்தா வாங்கிப் போட்டுடுங்க மாமா" என்றான் தங்கை மகன். "அதுவும் இதே அட்டைதானே தம்பி, நல்ல பிளைவுட்ல வெட்டித் தர்றேன்" என்றார் குஷன் தைக்கும் சயா (கைவினை ஆசானை இங்கே அப்படித்தான் அழைப்போம்). பெயர்ப்பலகைக் கடை வைத்திருக்கும் நண்பர் அலுமினியத் தகடுதான் சரி என்று அடித்துச் சொன்னார். மூவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மூவருமே பலகையைப் பற்றித்தான் பேசினார்கள். பலகைக்குப் பின்னால் இருப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் எழுத நினைத்ததே அதைத்தான், ஆகவே அதிலிருந்து தொடங்குகிறேன்.

கதவுக்குள் தண்ணீர் போவது கோளாறு அல்ல. கண்ணாடி மேலும் கீழும் ஏறி இறங்குவதால் அதன் வெளிப்பக்க ரப்பர் எவ்வளவு புதிதாக இருந்தாலும் கொஞ்சம் தண்ணீரை விடத்தான் செய்யும். அந்தத் தண்ணீர் கண்ணாடி வழியே வழிந்து கதவின் கூட்டுக்குள் இறங்கி, அடியில் உள்ள துளைகள் வழியாக வெளியே போய்விட வேண்டும். அப்படித்தான் கதவையே அமைத்திருக்கிறார்கள். உள்ளே தெறிக்கும் தண்ணீர் பலகையில் படாமல் தடுக்க, இரும்புக்கும் பலகைக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருப்பார்கள். அந்தத் தாளின் கீழ் ஓரம் கதவின் உள்பள்ளத்துக்குள் செருகியிருக்கும், தாளில் வழியும் தண்ணீர் மறுபடி கூட்டுக்குள்ளேயே விழட்டும் என்று.

30 வருட வண்டியில் அந்தத் தாள் முழுசாக இருப்பது அபூர்வம். கண்ணாடி மெஷின் பழுது பார்க்கவோ, ஸ்பீக்கர் மாட்டவோ யாராவது கதவைத் திறந்திருப்பார்கள். தாளைக் கிழித்து எறிந்துவிட்டுப் பலகையை மட்டும் மாட்டியிருப்பார்கள். அப்புறம் என்ன, ரங்கூனில் வருடத்துக்கு ஏறக்குறைய 2,700 மி.மீ. மழை, அதில் மிகப் பெரும் பங்கு மே முதல் அக்டோபர் வரை. மௌல்மீன் பக்கம் இதைவிட மிக அதிகம். போதாததற்கு ஏப்ரல் நடுவில் திஞ்ஜான், ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றும் பர்மியப் புத்தாண்டு விழா. நம் சித்திரைப் பிறப்பும் அதே நாட்களில்தான் வரும். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றினால், திறந்த ஜன்னல் வழியாக வாளி வாளியாகத் தண்ணீர் உள்ளே வரும். மழை பலகையைப் பின்னாலிருந்து நனைத்தால், திஞ்ஜான் முன்னாலிருந்து நனைக்கும்.

ஆகவே பலகையைத் தேடி அலையும் முன் பழைய டோர் பேடைக் கழற்றுங்கள். கையால் சுற்றும் கண்ணாடி என்றால், கைப்பிடிக்குப் பின்னால் குதிரை லாட வடிவில் ஒரு கம்பி கிளிப் இருக்கும். பழைய துணி ஒன்றைக் கைப்பிடிக்கும் பலகைக்கும் நடுவே விட்டு, இரு முனையையும் பிடித்து ஷூவுக்குப் பாலிஷ் போடுவது போல இழுத்தால் கிளிப் துணியில் மாட்டிக்கொண்டு வெளியே வரும். தெறித்து ஓடிவிடாமல் மறு கையை அருகில் வையுங்கள். பவர் விண்டோ என்றால் சுவிட்சுத் தட்டை எடுத்து வயரைக் கழற்ற வேண்டும். பிறகு கைச்சாய்ப்பின் திருகுகள், உள்கைப்பிடியின் திருகு. அதன்பின் கீழிருந்து கிளிப்புகளை ஒவ்வொன்றாக நெம்பி, கடைசியில் பலகையை மேல்நோக்கித் தூக்க வேண்டும். பல பழைய டொயோட்டாக்களில் பலகையின் மேல் ஓரம் கதவின் விளிம்பில் தொங்கிக்கொண்டிருக்கும். வெளிப்பக்கமாக இழுத்தால் உடையும்.

கழற்றிய பின் கண்ணாடியை முழுசாக ஏற்றிவிட்டு, வெளியே நின்று ஒரு குவளைத் தண்ணீரைக் கண்ணாடியில் மெதுவாக ஊற்றுங்கள். இன்னொருவர் உள்ளே உட்கார்ந்து பார்க்கட்டும். தண்ணீர் எங்கே இறங்குகிறது, எந்தக் கம்பியில் பட்டுத் தெறிக்கிறது, அடித்துளை வழியாக உடனே வெளியேறுகிறதா என்று எல்லாம் தெரிந்துவிடும். என் வண்டியில் இடது முன்கதவின் துளைகள் செம்மண்ணால் இறுகிப் போயிருந்தன. ஒரு சைக்கிள் ஸ்போக்கை விட்டுக் குத்தியதும் வண்டலோடு ஒரு டம்ளர் அளவு பழுப்புத் தண்ணீர் வந்தது. அந்தத் தண்ணீரில்தான் பலகையின் கால் நின்றுகொண்டிருந்தது.

துளையைத் திறந்து, துருவைச் சுரண்டி, துருத் தடுப்புப் பூச்சு அடித்து, தடித்த பிளாஸ்டிக் தாளைப் புதிதாக ஒட்ட வேண்டும். ஒட்டுவதற்கு பியூட்டைல் டேப் கிடைத்தால் அதுதான் நல்லது. காய்ந்து இறுகாது, மறுபடி திறந்து ஒட்டலாம். ஸ்பீக்கர் துளைக்கு மேல் மட்டும் ஒரு சின்னக் கூரை போல நுரைத் துண்டு ஒட்டிவிடுங்கள். இந்த வேலை முடியாமல் எந்தப் பலகை போட்டாலும் பணம் வீண்.

சரி, இப்போது பலகைக்கு வருவோம். விலைகளை இங்கே எழுதவில்லை. நம் நாட்டுப் பணமான கியாட்டின் கணக்கு மாதத்துக்கு மாதம் மாறுகிறது.

ஜப்பானிலிருந்து வரும் பழைய ஒரிஜினலின் பெரிய பலம் பொருத்தம். கிளிப் துளை, கைச்சாய்ப்பின் வளைவு, மேல் ஓரத்து இரும்புப் பட்டை எல்லாம் தொழிற்சாலையில் செய்தபடியே இருக்கும். மாட்ட அரை நாள்கூட ஆகாது. தாய்லாந்திலிருந்து வரும் சாமான்களும் நமக்குப் பொருந்தும். ஜப்பானைப் போலவே தாய்லாந்திலும் ஸ்டியரிங் வலது பக்கம் என்பதால் ஓட்டுநர் கதவின் சுவிட்சுத் தட்டு சரியான பக்கத்தில் வரும். அமெரிக்காவில் 4ரன்னர் என்ற பெயரில் விற்ற வண்டியின் பேடை வாங்கினால் அது மாறிவிடும். நான்கு சுவிட்சுக்கான துளை இடது கதவில் இருக்கும்.

பலவீனமும் வெளிப்படை. அதுவும் அதே அழுத்திய மரநார் அட்டைதான், அதற்கும் அதே 30 வயது. ஜப்பானில் வாழ்ந்ததால் நனையாமல் இருந்திருக்கலாம். நம் ஊரின் முதல் மழையில் என்ன ஆகும் என்பது வேறு. வாங்கும்போது முன்பக்கத்து ரெக்சினைப் பார்த்து மயங்காமல் திருப்பிப் பிடித்து, கிளிப் செருகும் துளைகளைப் பாருங்கள். துளையின் ஓரம் மொறுமொறுவென்று கூர்மையாக இருந்தால் நல்ல பலகை. ஓரம் பஞ்சு போலப் பிரிந்திருந்தால் விட்டுவிடலாம். நல்லது கிடைத்து வாங்கினால், மாட்டும் முன் பின்பக்கம் முழுக்கவும் ஓரங்களிலும் துளைகளின் உள்விளிம்பிலும் இரண்டு கை வார்னிஷ் அடியுங்கள். தொழிற்சாலை செய்யாமல் விட்ட வேலை அது.

உங்கள் பழைய பலகையே கீழ் நாலு விரல் மட்டும் போய், மேலே உறுதியாக இருந்தால் பழுது பார்ப்பதையும் யோசிக்கலாம். உப்பிய பகுதியை நேர்கோட்டில் வெட்டி எடுத்துவிட்டு, அதே கனத்தில் பிளைவுட் பட்டை வைத்து, பின்னால் மெல்லிய தகட்டை இணைப்பாக ஒட்டி எப்பாக்சிப் பிசின் போடுவார்கள். செலவு மிகக் குறைவு. இணைப்பு ரெக்சினுக்கு மேலே மெலிதாகத் தெரியும். பின்கதவுகளுக்கு இது போதும் என்பது என் எண்ணம். முன்கதவுகள் படும் பாடு வேறு. நம் நாட்டில் 1970 முதல் வண்டி வலது பக்கம் ஓடுகிறது, பழைய ஜப்பான் வண்டிகளின் ஸ்டியரிங்கும் வலது பக்கம். லாரியை முந்த வேண்டுமென்றால் ஓட்டுநருக்கு எதிரே வருவது தெரியாது. இடது முன்னிருக்கையில் இருப்பவர் கண்ணாடியை இறக்கி, தலையை நீட்டி, "போகலாம்" என்று சொல்ல வேண்டும். மழையிலும் அப்படித்தான். அந்தக் கதவுக்கு ஒட்டுப்போட்ட பலகை தாங்காது.

பிளைவுட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானோர் கடைசியில் வந்து நிற்பது இங்கேதான். மரத்துக்குப் பேர் போன நாடு, நல்ல பிளைவுட்டும் அதை வெட்டத் தெரிந்த கையும் தெருவுக்குத் தெரு உண்டு. ஆனால் கனம் முக்கியம். ஒரிஜினல் அட்டை சுமார் 3 மி.மீ.க்குள்தான் இருக்கும். உறுதிக்காக 6 மி.மீ. போட்டால் கிளிப் இரும்புத் துளை வரை எட்டாது. கண்ணாடிக் கைப்பிடியின் பல்லும் அச்சில் முழுசாக உட்காராது, சில மாதத்தில் வழுக்கிச் சுற்றும். மேலே ஒட்டும் நுரையின் கனமும் சேரும் என்பதால் 3 மி.மீ. பலகைதான் சரி. கைப்பிடி அச்சைச் சுற்றி நுரையை வட்டமாக வெட்டி எடுத்துவிட வேண்டும்.

அடுத்தது தரம். கடைக்காரர் எல்லாப் பலகையையும் வாட்டர்ப்ரூஃப் என்றுதான் சொல்வார். கடல் பிளைவுட், அதாவது படகு வேலைக்கான தண்ணீர் தாங்கும் பிளைவுட்டின் தரச் சோதனையில் துண்டை 72 மணி நேரம் கொதிக்க வைப்பார்கள். வீட்டில் அவ்வளவு வேண்டாம். கை அகலத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, பழைய பாத்திரத்தில் போட்டு இரண்டு மூன்று மணி நேரம் கொதிக்க விடுங்கள். மட்டப் பசை என்றால் அதற்குள்ளேயே அடுக்குகள் சீட்டுக்கட்டாகப் பிரிந்துவிடும். தாங்கினால் வாங்கலாம். தேக்கு முகம் ஒட்டிய பலகை என்றால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தேக்கில் எண்ணெய் இருக்கிறது, அது பசையைப் பிடிக்க விடாது. ஒட்டும் முன் தின்னரால் துடைக்காவிட்டால் ரெக்சின் ஒரு வெயிலில் கழன்று வரும்.

வெட்டுவதற்குப் பழைய பலகையையே அச்சாக வைக்கலாம். கீழ் ஓரம் கரைந்து போயிருந்தால் எதிர்ப்பக்கக் கதவின் பலகையைத் திருப்பிப் போட்டுக் கோடு போடுங்கள், ஓட்டுநர் கதவின் சுவிட்சுத் துளையை மட்டும் தனியாக அளந்துகொண்டு. மேல் ஓரத்து இரும்புப் பட்டையையும் அதில் இருக்கும் உள்பக்க ரப்பரையும் பழைய பலகையிலிருந்து கவனமாகக் கழற்றிப் புதியதில் ரிவிட் அடிக்க வேண்டும். அதை விட்டுவிட்டு வெறும் கிளிப்பில் மாட்டிய பலகைகள் மண்பாதையில் படபடவென்று அடிப்பதை நான் கேட்டிருக்கிறேன். எல்லா வெட்டு விளிம்பும் துளையும் எப்பாக்சியோ வார்னிஷோ குடிக்க வேண்டும். பிளைவுட்டுக்குள் தண்ணீர் நுழைவது விளிம்பு வழியாகத்தான். கதவை இழுத்துச் சாத்தும் கைப்பிடியின் திருகு பலகையோடு நிற்காமல், பலகையைத் தாண்டி இரும்பில் பிடிக்க வேண்டும். இது எந்தப் பலகைக்கும் பொருந்தும்.

இனி நண்பர் சொன்ன அலுமினியம். பெயர்ப்பலகைக் கடைகளில் இருப்பது இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்த 3 மி.மீ. ஷீட். தண்ணீருக்கு அசையாது. கனமும் ஒரிஜினலோடு ஒத்துப்போகிறது. கடையில் இருக்கும் மெஷினிலேயே துல்லியமாக வெட்டித் தருவார்கள், பின்பக்கம் பள்ளம் கீறினால் நேர்கோட்டில் மடிக்கவும் முடியும். குறை என்னவென்றால் அது எதிரொலிக்கும். டீசல் சத்தமும் கற்கள் அடிக்கும் சத்தமும் கதவு வழியாக வரும். பின்னால் நுரைத் தாள் ஒட்டினால் பெருமளவு அடங்கும். வெட்டு விளிம்பு கையைக் கிழிக்கும், ஆகவே ரப்பர் பீடிங் கட்டாயம். நேரடியாக வெயில் படும் இடத்தில் ரெக்சின் போர்த்தாமல் விட்டால் கை வைக்க முடியாத சூடு. முகப்புப் பூச்சு வழவழப்பானது என்பதால், உப்புத்தாளால் தேய்த்த பிறகுதான் பசை பிடிக்கும்.

அதே கடையில் பி.வி.சி. ஃபோம் போர்டும் காட்டுவார்கள். லேசானது, மலிவு, கத்தியாலேயே வெட்டலாம், தண்ணீரும் ஏறாது. ஆனால் 60 டிகிரிக்கு மேல் அது இளகத் தொடங்கும். ஏப்ரல் வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய வண்டியில், கறுப்பு ரெக்சின் போர்த்திய கதவு அந்தச் சூட்டைத் தாண்டிவிடும். கிளிப்புக்குக் கிளிப் நடுவே பலகை அலை அலையாக வளையும். வேண்டாம்.

ஃபைபர் கிளாஸில் அச்செடுத்துச் செய்வது அழகான வேலை. கைச்சாய்ப்பு, பாக்கெட், ஸ்பீக்கர் மேடு எல்லாவற்றையும் ஒரே வார்ப்பில் கொண்டுவரலாம், தண்ணீரால் ஒன்றும் ஆகாது. ஒரு வண்டிக்காக மட்டும் அச்சு செய்தால் கட்டுப்படியாகாது. அதே மாடல் வைத்திருக்கும் நாலைந்து பேர் சேர்ந்தால் யோசிக்கலாம். பிசின் இறுகும்போது கொஞ்சம் சுருங்கும், அதனால் கிளிப் துளைகளை அச்சில் வைக்காமல், வார்த்த பிறகு கதவில் வைத்துப் பார்த்துத் துளையிடச் சொல்லுங்கள். புதிதில் பிசின் வாடை வண்டிக்குள் நிற்கும், சின்னப் பிள்ளைகள் ஏறும் வண்டி என்றால் நன்றாகக் காற்றாட வைத்த பிறகு மாட்டுங்கள். புள்ளி புள்ளியாக மேடு வைத்த தடித்த அலுமினியத் தகட்டைச் சிலர் அலங்காரத்துக்காகப் போடுகிறார்கள். பாரம் அதிகம், சூடு அதிகம், முழங்கையும் முட்டியும் இடிபடும். குடும்பத்தோடு போகிற வண்டிக்கு அது ஆகாது.

மேலே போர்த்துவதற்குத் துணியா ரெக்சினா என்று கேட்டால், இந்த ஊரில் ரெக்சின்தான். நனைந்த துணி ஐந்து மாதம் காயாது, பூஞ்சை வாடை வரும். இன்னொரு காரணமும் உண்டு. வெற்றிலை போடுகிறவர் ஓட்டும் வண்டியில் ஜன்னலுக்குக் கீழே செந்நிறக் கோடு இறங்காமல் இருக்காது. ரெக்சின் என்றால் ஈரத் துணியால் துடைத்துவிடலாம். துணியில் ஏறினால் அது அங்கேயே தங்கிவிடும்.

இப்போது என் முடிவு. வண்டி நல்ல நிலையில் இருக்கிறது, பின்னாளில் விற்கும் எண்ணமும் உண்டு என்றால், நல்ல ஒரிஜினலுக்குக் காத்திருந்து வார்னிஷ் அடித்து மாட்டுவதே சரி. வாங்குகிறவர் கதவைத் திறந்ததும் முதலில் பார்ப்பது அதைத்தான். பெகு பக்கத்துக் கிராமங்களுக்கு மூட்டை ஏற்றிப் போகிற, கூரையும் ஒழுகுகிற உழைப்பு ஜீப்புக்கு அலுமினிய ஷீட். அதன் கதவு தட்டையானது, வளைவுகளின் தொல்லை இல்லை, வண்டியைக் கழுவும்போது உள்ளேயும் குழாயைத் திருப்பலாம். வார நாட்களில் ஊருக்குள், திருவிழா என்றால் குடும்பத்தோடு பீலிக்கான் முனீஸ்வரர் கோயில் வரை என்று ஓடுகிற என் சர்ஃப் போன்ற வண்டிக்கு 3 மி.மீ. கடல் பிளைவுட், மேலே ரெக்சின். முன்கதவு இரண்டுக்கும் அதைத்தான் போட்டேன். பின்கதவுகளில் பழைய பலகையையே வெட்டி ஒட்டிக்கொண்டேன். சத்தம் ஒரிஜினல் அளவுக்கு அடங்கியிருக்கிறது. எதிர்காலத்தில் ஒரு பலகை போனாலும், அச்சு என்னிடம் இருப்பதால் அதை மட்டும் வெட்டிக்கொள்ளலாம். மருமகன் இன்னமும் ஒரிஜினல் தேடிக்கொண்டிருக்கிறான், கிடைத்தால் அவன் வண்டிக்கு ஆகும்.

வேலையை எப்போது எடுப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரெக்சின் ஒட்டும் ரப்பர் பசை ஈரக்காற்றில் வெள்ளையாகப் பூத்துப் போகும், பிடிமானம் இருக்காது. அதனால் ஜூலையில் குஷன் கடைக்குப் போய் நிற்காதீர்கள். திஞ்ஜான் முடிந்து, மழை பிடிப்பதற்கு முன்னே உள்ள சில வாரங்கள்தான் தோதானவை. அந்த நேரம் சயாக்களிடம் கூட்டம் அதிகம், பலகையைப் பங்குனியிலேயே வெட்டி வார்னிஷ் காய வைத்துவிட்டால், அவருக்கு மிஞ்சுவது ரெக்சின் போர்த்தும் வேலை மட்டும்தான்.